உதட்டில் ஒட்டிய கோப்பைகள்

பீங்கான் கம்பெனியில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவரிடம் பீங்கானைப் பற்றிப் பிரசங்கம் செய்த முட்டாள் இந்த உலகத்தில் ஒருவன் உண்டென்றால், அது நான்தான். இந்தப் பட்டத்துக்கு இதுவரை யாரும் போட்டிக்கு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சபையில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். திருவிருந்து நேரத்தில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பி கொடுத்தார்கள். மேல் தாளை உரித்தால் அப்பம், அடுத்த தாளை உரித்தால் திராட்சரசம். நான் உரித்த வேகத்தில் ரசம் முழுக்க என் வெள்ளைச் சட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் புளிப்பும் இனிப்புமான வாசனை மூக்கில் ஏறியதும், பிரசங்கக் குறிப்பெல்லாம் மறந்து விருத்தாசலத்துக்குப் போய்விட்டேன்.

ஊழியப் பயிற்சியில் இரண்டு வருஷப் படிப்பு முடிந்ததும், புது ஊர் ஒன்றில் ஒரு வருஷம் தங்கிச் சபை தொடங்கிக் காட்ட வேண்டும். எனக்கு விழுந்தது விருத்தாசலம். பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு இறங்கியபோது அத்தனை பேர் நின்றிருந்தார்கள். ஊரே எனக்காகக் காத்திருக்கிறது என்று நினைத்தேன். அவர்கள் காத்திருந்தது ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்கு.

எங்கள் சபை, பீங்கான் கம்பெனிச் சுவரை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. பக்கத்து வீடு, அந்தக் கம்பெனியில் பதினைந்து வருஷமாக வேலை பார்த்த சரளா அக்காவுடையது. வந்தவர்களில் பாதிப்பேர் கம்பெனியில் பொம்மையும் கோப்பையும் செய்கிறவர்கள். வேலை முடிந்து அப்படியே ஜெபத்துக்கு வருவார்கள், தலையெல்லாம் வெள்ளைத் தூசி. முதல் வாரம் எல்லோருக்கும் நரைத்துவிட்டது என்றே நம்பி, முதியோருக்கு ஆறுதலாக ஒரு பிரசங்கம் தயாரித்தேன். சொல்லவும் செய்தேன். "எங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆவல பிரதர்" என்று பின்வரிசையில் இரண்டு பெண்கள் முனகினார்கள்.

வருஷக் கடைசியில் பரீட்சை. பயிற்சிப் பள்ளியின் பெரிய போதகர் வந்து முதல் திருவிருந்தை நடத்துவார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டுச் சபையாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இவரை வச்சுக்கிறீங்களா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஊழியம் அத்தோடு முடிந்தது. ஊரில் அப்பா வேறு, 'மகன் போதகர் ஆயிட்டான்' என்று முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

திருவிருந்துக் கோப்பைகள் நம் ஜனங்கள் கையாலேயே செய்ததாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். நல்ல யோசனைதான், அதோடு நிறுத்தியிருக்கலாம். கம்பெனிக்குப் போனேன். ஒருமுறை சூளையில் வெந்து, மேலே கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு இல்லாமல் சாக்பீஸ் மாதிரி வெள்ளை வெளேரென்று சின்னக் கோப்பைகள் பலகையில் வரிசையாக இருந்தன.

"இதையே குடுங்க சிஸ்டர்."

"இன்னும் கிளேஸு ஊத்தல பிரதர். ரெண்டாவது தபா சூளைக்குப் போவணும்" என்றார் சரளா அக்கா.

"பளபளப்பு எதுக்கு? எளிமைதான் அழகு" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் பேசினேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நான் சொல்றத சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லிக் கோப்பைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானே ரசத்தை ஊற்றி வைத்துவிட்டுப் பிரசங்கத்துக்கு ஏறினேன். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பதுதான் செய்தி. பெரிய போதகர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சுருக்கமாகப் பேச எவனுக்கு மனசு வரும்? முக்கால் மணி நேரம் பேசினேன். அதற்குள் கோப்பைகள் ரசத்தைக் குடித்துவிட்டன. வெள்ளையெல்லாம் ஊதாவாகி, அடியில் சொட்டு ஈரம்தான் மிச்சம்.

பெரிய போதகர் கோப்பையை எட்டிப் பார்த்தார். "தம்பி, ஊத்துனீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள், சூளையில் தீ பார்க்கும் மாரிமுத்து அண்ணன் பக்தியோடு கோப்பையை வாயில் வைத்துவிட்டார். பூச்சில்லாத மண் ஈரத்தைக் கண்டால் விடாது. அண்ணன் கையை எடுத்தார், கோப்பை உதட்டிலேயே தொங்கியது. "ம்ம், ம்ம்" என்று அவர் சொன்னதை முதலில் ஜெபம் என்று நினைத்து "ஆமென்" என்றேன்.

கொட்டகை வெடித்துச் சிரித்தது. சரளா அக்கா எழுந்து வீட்டுக்குப் போய், நான்கு எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டுவந்தார். பாட்டிலில் மீந்திருந்த ரசத்தை அதில் ஊற்றி, "வாங்கிக் குடிங்க, அப்பிடியே பக்கத்துல குடுங்க" என்றார். சிரித்த வேகத்தில் வாங்கிக் குடித்தார்கள். நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் உறைத்தது. ஒரு தெருக்காரர் குடித்த டம்ளரை இன்னொரு தெருக்காரர் வாங்காத ஜனங்கள் அவர்கள். ஒரு வருஷமாக நான் தொண்டை வறளப் பேசியும் நடக்காதது அது.

பிறகு என்னை வெளியே அனுப்பினார்கள். கம்பெனிச் சுவரோரம் கொட்டியிருந்த உடைந்த பொம்மைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். தலையில்லாத ஒரு பிள்ளையாருக்கும் எனக்கும் அன்று பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே சிரிப்பு கேட்டது. அப்பாவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். பெரிய போதகர் வந்து, கண்ணைத் துடைத்தபடி, "வச்சுக்கிறாங்களாம்" என்றார்.

ஒன்பது வருஷம் வைத்துக்கொண்டார்கள். பயிற்சிப் பள்ளி எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது. எப்போது வாயை மூடுவது என்பதை இவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். சாவு வீட்டில் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதும், ஆஸ்பத்திரிக்குப் போனால் வசனத்தோடு ஃபிளாஸ்க்கில் டீயும் கொண்டுபோவதும் அங்கே படித்ததுதான். இன்றைக்கு நான் ஊழியக்காரன் என்று ஏதாவது மிச்சம் இருந்தால், அது அந்தக் கொட்டகையில் வெந்தது.

இப்போது கொட்டகை இல்லை. அந்தக் கம்பெனியை மூடி வருஷங்கள் ஆகின்றன, சூளை இருந்த இடத்தில் புல். மாரிமுத்து அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைய சபையாரின் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். சபைக்குக் கான்கிரீட் கட்டடம், நல்ல மைக் செட். தலையில் வெள்ளைத் தூசியோடு யாரும் ஜெபத்துக்கு வருவதில்லை.

சட்டைக் கறை போகாத திங்கட்கிழமை சரளா அக்காவுக்குப் போன் போட்டேன். முட்டிவலி, பேத்தி, மழை எல்லாம் பேசி முடித்ததும், இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு அவ்வளவு சொதப்பியும் என்னை ஏன் வேணாம்னு சொல்லல?"

என்னிடம் ஏதோ கண்டிருப்பார் என்று, கண்ணீருக்குத் தயாராகக் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"வேற யாரு வந்தாங்க, பிரதர்?"