கடலுக்குக் கட்டிய சிவப்புச் சீட்டு

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று வெளியே சொல்லக் கூடாது. நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஆவடி ஸ்டேஷனில் இறங்கி எந்த ஷேர் ஆட்டோக்காரரைக் கேட்டாலும் என்ன செய்கிறார்கள், எந்த கேட், கேண்டீனில் இன்று போண்டாவா வடையா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். ஆனாலும் நான் சொல்ல மாட்டேன். விதி என்றால் விதி.

என் வேலை பரிசோதனை. மற்றவர்கள் கஷ்டப்பட்டுக் கடைந்து கொண்டுவரும் இரும்புப் பாகங்களை அளந்து பார்த்து, குறை இருந்தால் ஒரு சிவப்புச் சீட்டைக் கம்பியால் அதில் கட்டிவிடுவேன். சீட்டின் மேலே ‘நகர்த்தக் கூடாது’ என்று பெரிதாக அச்சடித்திருக்கும். கீழே ‘காரணம்’ என்று ஒரு கட்டம். கட்டிய பிறகு அந்தப் பாகத்தை மேனேஜரே வந்தாலும் ஓர் அங்குலம் நகர்த்த முடியாது. கட்டியவன் கையாலேதான் அவிழ்க்க வேண்டும். காரணத்தை அளவோடு எழுத வேண்டும் என்பது இன்னொரு விதி. ‘பார்க்க நல்லாயில்லை’, ‘மனசுக்குச் சரியாப் படலை’ என்றெல்லாம் எழுதினால் சீட்டு செல்லாது. இருபத்தாறு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன். எனக்குத் தொழிற்சாலையில் நண்பர்கள் கொஞ்சம் குறைவு.

போன மே மாதம் என் மகள் பிளஸ் டூ தேறினாள். நல்ல மார்க். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஓர் இன்ஜினியரிங் கல்லூரி வாசலில்தான் விழுவோம். எந்த வாசலில் விழுவது என்பது மட்டும்தான் பாக்கி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தெற்கே ஒரு கடலோர ஊர். பாடம், கடல்வாழ் உயிரியல். படிப்பின்போது படகில் கடலுக்குக் கூட்டிப் போவார்களாம். மாணவிக்குப் பதினெட்டு வயது ஆகாததால் நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பத்தையே ஏற்க மாட்டார்கள். மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும்.

“மீனைப் படிக்கவா?” என்றேன். தட்டில் அன்று வஞ்சிரம் இருந்தது.

மறுநாள் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லித் தொலைத்தேன். வியாசர்பாடியிலிருந்து ரயிலில் வருகிறவர், வாய் சும்மா இருக்காது.

“இன்னா மாமே, பொண்ணு கடலு படிக்கப் போவுதா? நம்ம ஏரியாவுல கடலு எங்க கீது? மழை பெஞ்சா ரோட்டுல நிக்குமே, அதுவா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் கடலாராய்ச்சிக்கு ஒரு சரித்திரம் உண்டென்றால் அது ஒவ்வொரு நவம்பரிலும் நாங்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவில் நடப்பதுதான். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, எங்கே பள்ளம், எங்கே மூடியில்லாத சாக்கடை என்று ஆண்கள் காலால் ஆழம் பார்த்துக்கொண்டே போவார்கள். திரும்பி வந்தவர்கள் பார்த்ததைச் சொல்வார்கள். மறு வருஷம் அது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வினையே ஒரு மழையில்தான் ஆரம்பித்தது. அவள் இரண்டாம் வகுப்பு படித்தபோது தரைத்தளத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. ரப்பர் படகில் வந்து எங்களை ஏற்றிப்போனார்கள். நானும் என் மனைவியும் பீரோவை நினைத்து அழுதுகொண்டிருக்க, இவள் மட்டும் ஊறுகாய் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாட்டிலுக்குள் எங்கள் சமையலறையில் பிடித்த மீன். படகு நின்றதும், “இன்னொரு ரவுண்டு போலாமாப்பா?” என்று கேட்டாள். சின்னப் பிள்ளை என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். அப்போதே குறை குறித்திருக்க வேண்டும்.

சரி, இப்போதாவது குறிப்போம் என்று வீட்டில் கிடந்த ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தேன். பழைய மாதிரிச் சீட்டுகள், உபயோகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸில் பாதி வீடுகளில் மளிகைச் சாமான் எழுதுவதே அதன் பின்பக்கத்தில்தான். படிவத்தின் மூலையில் துளை போட்டு, கம்பியை முறுக்கிக் கட்டினேன். ‘காரணம்’ கட்டத்தில் கை நின்றது. பிடிக்கவில்லை என்று எழுத முடியாது. கொஞ்ச நேரம் யோசித்து, ‘ஆழம் சரிபார்க்கப்படவில்லை’ என்று எழுதினேன். எனக்கே அது நன்றாக இருப்பதாகத் தோன்றியது.

அவள் பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண் இல்லையா, சீட்டைத் திருப்பித் திருப்பி வாசித்தாள்.

“அளவு எங்கப்பா?”

“என்ன அளவு?”

“எவ்ளோ இருக்கணும், எவ்ளோ இருக்குன்னு எழுதணும்ல? அளவு இல்லாத சீட்டு செல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க.” உள்ளே போய் ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பழைய புத்தகக் கடையில் வாங்கியது, கடல் உயிரியலுக்கும் கடலாராய்ச்சி வரலாற்றுக்கும் அறிமுகம். “இதுல குறை கண்டுபிடிங்க. அளவோட எழுதிட்டீங்கன்னா நான் இன்ஜினியரிங்கே சேர்றேன். இல்லேன்னா மாசக் கடைசிக்குள்ள நீங்களே அவிழ்த்துடணும்.”

ஒரு பரிசோதகனிடம் போய்க் குறை கண்டுபிடிக்கச் சொல்கிறாளே, பாவம் என்று நினைத்தேன். சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் அத்தியாயத்திலேயே எனக்கு ஒரு கெட்ட செய்தி இருந்தது. அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கிக் கடலின் ஆழம் பார்த்தார்களாம். குண்டின் அடியில் ஒரு குழி, அதில் கொழுப்பை அப்பிவிடுவார்கள். தரையைத் தொட்டதும் மணலோ சேறோ கிளிஞ்சலோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். கயிற்றை இழுத்து, அளந்து, ஒட்டியதைப் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். ஒரு கப்பல் இதே வேலையாக மூன்றரை வருஷம் உலகத்தைச் சுற்றியிருக்கிறது. கொக்கரித்துக்கொண்டு ஆரம்பித்தவன் இங்கே கொஞ்சம் அடங்கிப்போனேன். இறக்கு, அள, எழுது, அடுத்தது. இது என் வேலையப்பா! இவ்வளவு நாளாகக் கடலென்றால் பாட்டுப் பாடிக்கொண்டு வலை வீசுவது என்றல்லவா நினைத்திருந்தேன்?

அடுத்ததில் ஓர் ஆள் மாட்டினார். பெரிய அறிஞர். ஒரு கடலில் கொஞ்ச ஆழம் வரைக்கும் வலையை இறக்கி வாரிப் பார்த்திருக்கிறார். கீழே போகப் போக உயிரினங்கள் குறைந்திருக்கின்றன. உடனே அந்தக் கணக்கைக் கோடாகக் கீழே நீட்டி, இதற்கும் கீழே உயிரே கிடையாது என்று சொல்லிவிட்டார். ஊரும் நம்பிவிட்டது. பிறகு ஆழ்கடலில் அறுந்துபோன தந்திக் கம்பியை மேலே இழுத்தால் அதில் பிராணிகள் வீடு கட்டிக் குடியிருக்கின்றன. “பார்க்காத இடத்துக்குச் சீட்டுக் கட்டுகிறான் பார், மடையன்” என்று ஓரத்தில் சிவப்பில் எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தால் எதிரே மேசையில் படிவம், அதன் மூலையில் என் சீட்டு. ஓரத்தில் எழுதியதை ரப்பரால் அழித்தேன். சிவப்புப் பென்சில் அவ்வளவு சுலபத்தில் அழியாது.

என் மனைவிக்கு இந்தப் புத்தகத்தால் நல்ல பொழுதுபோக்கு. ஆழ்கடலில் தூண்டில் மீன் என்று ஒன்று. சில இனங்களில் ஆண் குட்டியூண்டு இருக்குமாம். பெண்ணைக் கண்டதும் கடித்துப் பிடித்து அப்படியே ஒட்டிக்கொண்டு, அவள் ரத்தத்திலேயே பிழைத்து, கண் சுருங்கி, மற்றதெல்லாம் சுருங்கிக் கடைசியில் அவள் உடம்பில் ஒரு முடிச்சாக மிஞ்சுமாம். நான் சத்தமாகப் படித்துச் சொன்னேன்.

“இதுக்கு எதுக்குங்க அவ்ளோ ஆழத்துக்குப் போனாங்க?” என்றாள் அவள். “ரிடையர் ஆனவங்க குடியிருக்கிற எந்தத் தெருவுக்குப் போனாலும் பார்த்திருக்கலாமே.”

நாள் ஓடிக்கொண்டிருந்தது. என் கட்டத்தில் எழுத ஓர் அளவும் கிடைக்கவில்லை. கடைசியில் வசமாக ஒன்று சிக்கியது. கடலின் மிக ஆழமான இடம் கிட்டத்தட்டப் பதினோரு கிலோமீட்டர். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் தூரத்தை எடுத்து நெட்டுக்குத்தாக நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் அடிக்கு இரண்டு பேர் ஓர் இரும்புக் கோளத்துக்குள் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். ஐந்து மணி நேரம் ஆனதாம். மழைநாளில் பூந்தமல்லி போகிறவன் இதற்கு ஆச்சரியப்பட மாட்டான். அடி சேர்வதற்கு முன்னால் ‘டமார்’ என்று ஒரு சத்தம். வண்டியே குலுங்கியது. வெளிப்பக்கச் சன்னல் ஒன்றில் விரிசல். அந்த மகானுபாவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அளவுமானிகளைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிந்தது. தொடர்ந்து கீழே போனார்கள்.

கோபத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். விரிசலோடு! தலைக்கு மேல் அத்தனை தண்ணீரோடு! எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒன்று நடந்திருந்தால் ரெண்டு பேரையும் வெளியே இழுத்து, வண்டிக்கு முன்னால் பின்னால் எல்லாம் சீட்டுக் கட்டியிருப்பேன்.

“இங்க வாம்மா!” என்று கத்தினேன். “இதான் உங்க ஆளுங்க. விரிசல் விட்டும் நிறுத்தல. இவங்களை நம்பி நான் உன்னைப் படகுல அனுப்பணுமா? அதோட, அடியில தட்டை மீன் பார்த்தோம்னு சொல்றானுங்க. போட்டோ இருக்கா? சாம்பிள் இருக்கா? அந்த ஆழத்துல மீனோட உடம்பு எப்படித் தாங்கும்? செல்லாது, தள்ளு.”

அவள் சிரிக்கவில்லை. “பின்னாடி வந்தவங்களும் இதேதான்பா கேட்டாங்க. அது மீனா இருக்காது, கடல் அட்டை மாதிரி ஏதாவது இருக்கும்னு நிறைய பேர் சொல்றாங்க. நீங்க இப்ப கேட்டதுதான் நான் படிக்கப்போற பாடம்.” புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். “அந்த விரிசலுக்கு அளவு போட்டிருக்கான்னு பாருங்க. போட்டிருந்தா எழுதிக்கங்க.”

பார்த்தேன். போடவில்லை. அந்தப் பாராவை நாலு முறை படித்தேன். கோபம் என்று நான் நினைத்தது கோபமே இல்லை. அந்தக் கோளத்துக்குள் இரண்டு ஆண்களுக்குப் பதில், மடியில் ஊறுகாய் பாட்டிலோடு ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பது மாதிரியே எனக்குத் தெரிந்தது.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் மனைவி பூண்டு உரித்தபடி சொன்னாள்:

“படிவத்தை ஒழுங்காப் படிச்சீங்களா?”

“இருபத்தாறு வருஷமா படிக்கிற வேலைதான் பார்க்கிறேன்.”

“அப்போ இன்னொரு வாட்டி படிங்க.”

எடுத்தேன். கையெழுத்து இடத்துக்கு மேலே என் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தேன். ‘தந்தை அல்லது தாய்’ என்று இருந்தது.

“முதல் நாளே நான் போட்டுடறேன்னு சொல்லிட்டேங்க,” என்றாள் அவள். “அவதான் ஒத்துக்கல. அப்பா போடட்டும்மா, அவர் பாஸ் பண்ணாதான் எனக்குத் தைரியமா இருக்கும்னுட்டா. உங்க கையெழுத்துக்காகத்தான் இத்தனை நாளா அந்தச் சீட்டைத் தொடாம வச்சிருக்கா.”

ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பாகம் தப்பானால் கண்டுபிடிப்பவன் நான். ஒற்றை வரியைப் படிக்காமல் அதன் மேலேயே சீட்டைக் கட்டியிருக்கிறேன். இந்த விஷயம் வியாசர்பாடிக்காரருக்குத் தெரிந்தால் நான் வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

விதிப்படி, சீட்டை எடுப்பதற்கு முன்னால் காரணத்தைச் சரியாக எழுதி முடிக்க வேண்டும். ‘ஆழம் சரிபார்க்கப்படவில்லை’ என்பதை அடித்தேன். அதன் கீழே, ‘குறை ஏதும் இல்லை. பரிசோதகருக்குப் பயம்’ என்று எழுதினேன். அதற்கும் அளவு கிடையாது. கட்டிங் பிளையரை எடுத்துக் கம்பியை வெட்டி, கையெழுத்துப் போட்டேன். கண் கலங்கியதால் கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. என் பேரே இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அளவில் தவறியிருந்தது. சீட்டைக் குப்பையில் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். அன்று ஏனோ மீன் வாங்கவில்லை, கோழி வாங்கினேன்.

இடம் கிடைத்துவிட்டது. ஜூலையில் ஒரு மத்தியானம் எழும்பூரில் அவளை ரயிலேற்றப் போனோம். என் மனைவி எலுமிச்சம்பழச் சாதத்தைப் பற்றி ஏழாவது முறையாக எச்சரித்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைத் தூக்கி இருக்கைக்கு அடியில் தள்ளக் குனிந்தேன். கைப்பிடியில் சிவப்பாக ஏதோ தொங்கியது. என் சீட்டு. குப்பையிலிருந்து எடுத்து, புதுக் கம்பி போட்டு, நான் முறுக்குவது மாதிரியே மூன்று சுற்று முறுக்கிக் கட்டியிருந்தாள். மேலே ‘நகர்த்தக் கூடாது’. கீழே கட்டத்தில் என் எழுத்து, ‘பரிசோதகருக்குப் பயம்’. அதற்கும் கீழே சின்னதாக, அவள் எழுத்தில், ‘எனக்கும்தான்’.

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். சன்னலோரம் உட்கார்ந்து, அன்று ரப்பர் படகில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். விசில் ஊதினார்கள். நான் கீழே இறங்கினேன். கட்டியவர் கையாலேதான் அவிழ்க்க வேண்டும் என்பது விதி, இதைக் கட்டியது நான் இல்லை. ரயில் நகர்ந்தது.