முதல் பக்கத்தில் வருந்துகிறோம்

பத்திரிகைத் தொழிலில் செய்தி எழுதுகிறவன் பெயர் வாங்குவான், விளம்பரம் பிடிக்கிறவன் கமிஷன் வாங்குவான், மன்னிப்பு எழுதுகிறவன் திட்டு மட்டும் வாங்குவான்.

மும்பை மாட்டுங்காவிலிருந்து வரும் ஒரு சின்னத் தமிழ் வார இதழில் பதினெட்டு வருஷமாக அந்த மூன்றாவது ஆள் நான்தான். மராத்திச் செய்திகளைத் தமிழில் பெயர்ப்பேன். எங்கேயாவது தப்பு வந்தால் ‘வருந்துகிறோம்’ எழுதுவேன். கல்யாண வாழ்த்தில் மாப்பிள்ளை படமும் மாமனார் படமும் இடம் மாறியதற்கு வருந்தியிருக்கிறேன். உயிரோடிருந்தவருக்கு நினைவஞ்சலி போட்டதற்கு அவரிடமே வருந்தியிருக்கிறேன். அடுத்தவர் தப்புக்கு மன்னிப்புக் கேட்டுப் பிழைக்கிற என் இனத்தாரே, புகார் கவுண்டர்க்காரர்களே, கஸ்டமர் கேர் குரல்களே, உங்களுக்கு இது புரியும். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. எதற்கு வருந்துகிறோமோ, அதை முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எது தப்பு என்றே வாசகருக்குத் தெரியாது.

ஒரு சொல் கூட்டவில்லை

தாராவியில் இசக்கியம்மாள் என்று ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இட்லி மாவு ஆட்டி மாட்டுங்கா ஃப்ளாட்டுகளில் விற்பவர். எங்கள் வீட்டிலும் அவர் மாவுதான். தங்கள் சந்தில் காலையில் இருபது நிமிஷம்தான் தண்ணீர் வருகிறது என்று எங்கள் இதழுக்குப் பேட்டி கொடுத்தார். அதை ஒரு மராத்தி தினசரி எடுத்துப் போட்டது. சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தத் தினசரியைத் தூக்கிக் காட்டினார்கள்.

ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் பதில் சொல்ல எழுந்தார். அவர் பெயரையும் தொகுதியையும் கேட்காதீர்கள். சொன்னால் அதற்கும் நான்தான் மன்னிப்பு எழுத வேண்டும். “பேட்டி கொடுத்த இசக்கியம்மாள்தான் மெயின் குழாயில் மோட்டார் போட்டுத் தண்ணீர் திருடுகிறாள், சாக்கடைத் தண்ணீரில் மாவு ஆட்டி விற்கிறாள்” என்றார். நல்ல தண்ணீரைத் திருடி வைத்திருப்பவள் எதற்குச் சாக்கடைத் தண்ணீரில் ஆட்ட வேண்டும் என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் தமிழாக்கிக் கொடுத்துவிட்டு, சுத்தமான மொழிபெயர்ப்பு என்ற பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

இதழ் வந்த அன்று இசக்கியம்மாள் நேராக ஆபீசுக்கு வந்தார். விற்காத மாவுப் பாக்கெட்டுகள் பையில் அப்படியே இருந்தன. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. “அண்ணாச்சி, எங்க வீட்டுல மோட்டார் இருக்கான்னு ஒரு எட்டு வந்து பாத்துட்டு எழுதியிருக்கலாம்லா?” என்றார்.

லிஃப்டில் ஒட்டிய தீர்ப்பு

மறுநாளே எங்கள் கட்டட லிஃப்டில் ஒரு அறிவிப்பு: வெளி ஆட்கள் மாவு விற்க அனுமதி இல்லை. ஒட்டியவர் சொசைட்டி செக்ரட்டரி ராமநாதன். ரிட்டையரான பாங்க் அதிகாரி, பத்து வருஷமாக இசக்கியம்மாள் மாவில் இட்லி தின்றவர்.

அவரிடம் சண்டைக்குப் போனேன். எங்களைச் சுற்றித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து, கீழே நின்ற கார்களெல்லாம் தானாகவே குளித்துக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒரு பெண்ணைத் தண்ணீர்த் திருடி என்று விரட்ட இவருக்கு எப்படி மனசு வந்தது என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விசாரித்தீரா, நேரில் பார்த்தீரா என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “உங்க பேப்பர்லயே போட்டிருக்கேளே சார், அதுக்கு மேல நான் யாரைப் போய்க் கேக்கறது?”

யாருக்கு என்ன காப்பு

செம்பூரில் எங்கள் இதழுக்கு வேண்டிய வக்கீல் சுபா இருக்கிறார். இசக்கியம்மாளை அழைத்துக்கொண்டு போனேன். மானநஷ்ட வழக்குப் போட வேண்டும் என்றேன்.

சுபா எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். சபைக்குள் பேசுவதற்கு உறுப்பினருக்குச் சிறப்புரிமை உண்டு. அதிகாரத்தில் இருப்பவனுக்குப் பயப்படாமல் மக்களுக்காகப் பேச வேண்டும் என்றுதான் ஒரு காலத்தில் அதைப் போராடி வாங்கினார்களாம். ராஜாவைக் கேள்வி கேட்கக் கிடைத்த உரிமையை வைத்து ஒருவர் மாவு விற்கிறவளை அடிக்கிறார். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்தது. இசக்கியம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார், அதையே வெளியே வந்து ரோட்டில் சொன்னால் என்ன ஆகும் என்று. சொன்னால் வழக்குப் போடலாம் என்றார் சுபா. பிறகு என்னைப் பார்த்தார். “சபைக்குள்ள பேசினதுக்கு அவருக்கு பிரிவிலேஜ் இருக்கு சார். அதை அப்படியே ரிப்போர்ட் பண்ணின உங்களுக்கும் ப்ரொடெக்ஷன் இருக்கு. இந்தம்மாவுக்குத்தான் ஒண்ணுமே இல்லை.”

ஆறாம் பக்கம்

வாசகர் கடிதம் போடுகிற ஆறாம் பக்கத்தில் நான் இடம் ஒதுக்கினேன். இசக்கியம்மாள் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘என்னிடம் மோட்டார் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இருபது நிமிஷம் பிடித்து வைக்கிற தண்ணீரில்தான் அரிசி ஊற வைக்கிறேன், அதே தண்ணீரைத்தான் என் பிள்ளைகள் குடிக்கிறார்கள். சபையில் சொன்னது பொய். தைரியம் இருந்தால் அதே பேச்சை வெளியே வந்து எங்கள் சந்தில் நின்று சொல்லட்டும்.’ அவ்வளவுதான் கடிதம்.

பத்தே நாளில் சட்டசபையிலிருந்து உரிமை மீறல் நோட்டீஸ் வந்தது. சபையில் பேசியதைப் பொய் என்று அச்சடித்தது சபைக்கே அவமரியாதையாம். பத்திரிகை முதலாளி கமிட்டி முன்னால் வந்து நிற்க வேண்டும், அல்லது முதல் பக்கத்தில் நிபந்தனை இல்லாமல் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னால் முடியாது, வேலையை விட்டுப் போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் நோட்டீசை என் மேஜைமேல் போட்டார். “நீர்தானய்யா வருத்தப்படறதுல எக்ஸ்பர்ட்? உட்கார்ந்து வருத்தப்படும்.”

எழுத்து பெரிசு

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் புத்தகம் அச்சடிக்க ராஜாவிடம் உரிமைச்சீட்டு வாங்கி, அதைப் புத்தகத்திலேயே அச்சடிப்பார்களாம். இப்போது சீட்டெல்லாம் இல்லை, உதவியாளர் வருகிறார். உறுப்பினரின் உதவியாளர் முத்துக்குமார் நாற்பது வயதுக்காரர், செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழர். மன்னிப்பை அச்சுக்குப் போகும் முன் பார்க்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார். முதல் பக்கம், நாலு பக்கமும் கோடு, கொட்டை எழுத்துத் தலைப்பு என்று நிபந்தனைகள் போட்டார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கூடவே எங்கள் தொழில் விதிக்கும் கட்டுப்பட்டேன். எதற்கு வருந்துகிறோம் என்று முதலில் சொல்ல வேண்டுமே! இசக்கியம்மாளின் கடிதத்தை முழுசாக, ஒரு சொல் குறைக்காமல், பெட்டிக்குள் போட்டேன். கீழே ஒரே வரி: ‘இவ்வாறு ஆறாம் பக்கத்தில் வெளியிட்டதற்கு வருந்துகிறோம்.’ முதலாளி ப்ரூஃபை இரண்டு தடவை படித்தார். அவர் அம்மாவும் தாராவிக் குழாயடியில் குடத்தோடு நின்றவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

ப்ரூஃப் முத்துக்குமார் கைக்குப் போனது. அவர் மேலிருந்து கீழே பார்த்தார், தலைப்பை விரலால் அளந்தார், தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், கண் மட்டும் எந்த வரியிலும் ஓடவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மும்பையில் பிறந்த எத்தனையோ பேரைப் போல அவருக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதைச் சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கம். “ஹெட்டிங் படா இருக்கு, பாக்ஸ் இருக்கு, டீக் ஹை. அடிச்சிருங்க.”

முதல் பக்கம்

ஆறாம் பக்கத்தில் நூறு பேர் படித்திருப்பார்கள். முதல் பக்கத்தில் பாண்டுப்பிலிருந்து கோவண்டி வரை தமிழர் இருக்கிற இடமெல்லாம் படித்தார்கள். விஷயம் தெரிந்ததும் முத்துக்குமார் போனில் இந்தியிலும் தமிழிலும் என்னைக் கிழித்தார். மறுபடி புகார் கொடுத்தால் கடிதத்தைச் சபையிலேயே வாசிக்க வேண்டியிருக்கும் என்று சுபா சொல்லி அனுப்பினார். அதன்பின் சத்தமில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். லிஃப்டில் அந்த அறிவிப்பு இன்னும் கிழியாமல் இருக்கிறது. நாலைந்து வீட்டார் மட்டும் வாசல் கேட்டுக்கு இறங்கி வந்து மாவு வாங்குகிறார்கள். உறுப்பினர் சொன்ன பொய் சபைக் குறிப்பில் பத்திரமாக இருக்கிறது, எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. சந்தில் அதே இருபது நிமிஷம்தான் தண்ணீர்.

போன வாரம் வாசல் கேட்டில் மாவு வாங்கப் போனேன். இசக்கியம்மாள் அந்த முதல் பக்கத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாவுப் பைமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். “நல்லா வருத்தப்பட்டிருக்கீய அண்ணாச்சி. வாராவாரம் இப்படி வருத்தப்பட்டீயன்னா எங்க சந்துக்குத் தண்ணியே வந்திரும்.”

பதினெட்டு வருஷம் மன்னிப்பு எழுதியதில் நான் கண்டது, நம் நாட்டில் பொய் சொல்ல ஒரு பெரிய சபையே இருக்கிறது, உண்மையைச் சொல்லத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.