வடிந்த வீக்கம்

வளவனூரில் மருந்துக்கடை வைத்திருந்தபோது, காய்ச்சல், வீக்கம் என்று யார் வந்தாலும் நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். அதில் ஒன்று ஸ்டீராய்டு. ஊரில் எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர்.

கரும்பு வெட்டும் ஏழுமலை, கரும்புக் கட்டை குத்தி வீங்கிய காலோடு வந்தார். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்திருந்தது. "டாக்டரே வேணாம்ண்ணே, வேலைக்குப் போய்க்கினு இருக்கேன்," என்றார். பெருமையாக இன்னும் சில பொட்டலங்கள் மடித்துக் கொடுத்தேன்.

பத்தே நாளில் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போன என்னைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டர் சொன்னார்: "கிருமி நுழைஞ்சதும் செல்லுங்க மேல இருக்கிற ரிசெப்டருங்கதான் முதல்ல கண்டுபிடிக்கும். அதுங்க கூப்பாடு போட்டாதான் வீக்கம், காய்ச்சல் எல்லாம். உங்க மாத்திரை அந்தக் கூப்பாட்டை அடக்கிடுச்சு. கிருமி உள்ளயே பரவிக்கினு இருந்திருக்கு."

கட்டிலில் கிடந்த ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மாத்திரையாலதாண்ணே அத்தினி நாளு வலி தெரியாம இருந்தேன்."

நான் உண்மையைச் சொல்லவில்லை.

கடையை மூடிவிட்டுத் திண்டிவனத்தில் தனியாக இருக்கிறேன். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். "கூட யாரு வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்பார். யாருமில்லை என்பேன்.

கூப்பிட்டால் ஏழுமலை ஊன்றுகோலோடு வந்துவிடுவார். அதனால்தான் கூப்பிடுவதில்லை.