வந்து சேராத படத்துக்கும் கணக்கு

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. இந்த இரண்டு பேரும் நடுவில் கடலை வைத்துக்கொண்டு எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதைச் சொன்னால்தான், ஒரு செல்போன் கம்பெனியோடு நான் ஏன் ஒரு வருஷம் மல்லுக்கு நின்றேன் என்பது புரியும்.

நாங்கள் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திரும்பி வந்த கூட்டம். தேயிலை பறித்துப் பழகிய அப்பாவையும் அம்மாவையும் நிக்கோபாரிலிருக்கும் கச்சால் தீவுக்குக் கொண்டுவந்து ரப்பர் மரத்தின் முன்னால் நிறுத்தினார்கள். தங்கை அங்கே தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான் வளர்ந்தாள். அவளோடு பேச அம்மா தானாகவே ஒரு கைப்பேச்சை உண்டாக்கினாள். காற்றில் சாய்வாக ஒரு கோடு கீறினால் அப்பா, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். பின்னலை இழுத்துவிட்டுக்கொண்டால் நான். உள்ளங்கையை மேலும் கீழும் ஆட்டினால் கப்பல். எங்கள் வீட்டுக்கு வெளியே உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் பாஷை தெரியாது.

சுனாமி வந்த காலையில் ஜெட்டிக்குப் போயிருந்த அப்பா திரும்பவில்லை. எங்கள் மூன்று பேரையும் போர்ட் பிளேர் முகாமுக்குக் கூட்டி வந்தார்கள். முகாமில் வேலை செய்த தொண்டர்கள், தங்கையைத் திருச்சியில் காது கேளாதோர் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். எனக்குப் படகு டிக்கெட் கவுன்டரில் வேலை கிடைத்தது. போர்ட் பிளேரிலேயே குட்வில் எஸ்டேட் என்ற பகுதியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீட்டில் நானும் அம்மாவும் குடியேறினோம். தங்கை அந்தப் பள்ளியிலேயே உடன் படித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு மெயின்லேண்டிலேயே தங்கிவிட்டாள். அவருக்கும் காது கேட்காது. தையல் வேலை.

எனக்கு அவள் மெசேஜ் அனுப்புவாள். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். அம்மா கேட்டுவிட்டு, "அவ எப்டி இருக்கா, மெலிஞ்சிருக்காளா, அதச் சொல்லு" என்பாள். மெசேஜில் அதெல்லாம் எங்கே இருக்கும்?

பிறகு படத்தோடு பேசும் வசதி வந்தது. கடலுக்கடியில் கேபிள் வராத வருஷங்கள் அவை. எங்கள் தீவுக்கு நெட் வானத்திலிருந்துதான் இறங்கும் என்பார்கள். மழைக்கு மேகம் கட்டினால் அதுவும் கிடையாது. ஆனாலும் ஒரு மதியம் தங்கையின் முகம் என் போனில் வந்து நின்றது. அம்மா போனைப் பிடுங்கி முகத்தோடு முகமாக வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் கை வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, போனை என்னிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் பேசினாள். இத்தனை நாள் சேர்த்து வைத்தது எல்லாம் வந்தது.

காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வந்துகொண்டிருக்கும். இவர்களுக்கு அப்படி இல்லை. கை பாதியில் உறைந்தால் சொல்லும் பாதியில் உறைந்துவிடும். தங்கையின் விரல்கள் கட்டம் கட்டமாக உடைந்து, எங்கோ ஒரு நிமிஷம் கழித்து வேறு இடத்தில் முளைக்கும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"இது என்னா கூத்து, புள்ளயப் பாக்கச் சொன்னா கட்டத்தக் காட்டுது!"

அதற்குள் போனில் செய்தி வந்துவிடும். உங்கள் டேட்டாவில் பெரும் பகுதி தீர்ந்துவிட்டது, மீண்டும் ரீசார்ஜ் செய்யவும். மாதத்துக்கென்று போட்ட பேக் ஒரு வாரம்கூடத் தாங்காது. முதலில் நான் போனைத்தான் சந்தேகப்பட்டேன். கவுன்டரில் கூட வேலை பார்த்த பெங்காலி அக்கா, "அந்தர் மே அப்டேட் சல்தா ரஹதா ஹை, சப் பந்த் கரோ" என்றாள். உள்ளே ஓடுவதையெல்லாம் நிறுத்தினேன். தங்கையோடு பேசும் நேரம் தவிர நெட்டையே அணைத்து வைத்தேன். அப்படியும் கரைந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த தமிழர். நல்லவிதமாகத்தான் உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "யூஸேஜ் காட்டுதுங்களே மேடம்" என்றார்.

"படமே வரலங்க சார். நின்னு நின்னு போச்சு."

"வந்துச்சா, நின்னுச்சான்னு ஸிஸ்டத்துக்குத் தெரியாதுங்க. இங்கிருந்து எவ்வளவு அனுப்புனோம்னுதான் அதுக்குத் தெரியும். ஒரு தடவை போய்ச் சேரலேன்னா மறுபடி அனுப்பும். அதையும் எண்ணும்."

"அப்ப எனக்கு வந்து சேராததுக்கும் நான்தான் கட்டணுமா?"

அவர் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"சார், நானும் டிக்கெட் கவுன்டர்லதான் இருக்கேன். ஹேவ்லாக் போற படகு காத்து அடிச்சுப் பாதியில திரும்பினா, ஏறுன ஆளுக்கெல்லாம் டிக்கெட்டுக் காசத் திருப்பிக் குடுக்குறோம். டீசல் எரிஞ்சிருச்சேன்னு சொல்றதில்ல."

"அது படகுங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார். "நெட்டு வேண்டாம்னு விட்டுட்டு வாய்ஸ் கால் பண்ணலாமேங்க. அதுக்கு நல்ல பேக் இருக்கு."

"என் தங்கச்சிக்குக் காது கேக்காது சார்."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தார். வேறு எதுவும் கேட்காமல் என் புகாரைப் பதிவு செய்தார். பதில் வரும் என்றார். கொஞ்ச நாளில் வந்தது. சோதித்துப் பார்த்தோம், கணக்கு சரியாக இருக்கிறது, நன்றி.

அந்த மழைக்காலத்தில்தான் அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. தோட்டத்துக் காலத்திலிருந்தே வெற்றிலையும் புகையிலையுமாகக் குதப்பிய வாய். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். கொண்டுபோய்ப் பெரிய பயன் இல்லை என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அதோடு அம்மாவின் குரல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் அம்மா பேச முயன்று முயன்று காற்றுத்தான் வந்தது. அழுதாள். பிறகு என்னைப் பார்த்துத் தன் தலையிலிருந்து பின்னல் ஒன்றை இழுத்துவிட்டுக்கொள்வதுபோல் காட்டி, தண்ணீர் வேண்டும் என்று கையால் கேட்டாள். தங்கைக்காக உண்டாக்கிய பாஷை இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஆனது. எனக்கு அதில் பாதிதான் தெரியும். சின்ன வயதில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும்போது நான் வாசலில் விளையாடிக்கொண்டிருந்திருப்பேன். அம்மா ஏதோ சொல்வாள், எனக்குப் புரியாது, மறுபடி சொல்வாள், அப்புறம் போகட்டும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். தங்கை இருந்தால் ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பாள்.

தங்கையால் வர முடியவில்லை. இரண்டு முறை கலைந்து மூன்றாவதாகத் தங்கிய கரு. கப்பலும் கூடாது, விமானமும் கூடாது, படுக்கையை விட்டு எழவே கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருந்தார். அவள் எனக்கு அனுப்பிய மெசேஜ்களில் ஒரே வரிதான் இருந்தது. அம்மாவைக் காட்டு.

காட்டினேன். டேட்டா போடுவேன், பத்து நிமிஷம் காட்டுவேன், அணைத்துவிடுவேன். அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் படம் ஓடினால் அதிருஷ்டம். தங்கை படுத்தபடியே வயிற்றைக் காட்டுவாள். அம்மா போனின் கண்ணாடி மேல் விரலை வைத்துத் தடவுவாள். தடவினால் அழைப்பு அறுந்துபோகும். மறுபடி பிடிக்க வேண்டும். அதையும் எங்கோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவை இரண்டு நாள் மறுபடி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது போனை வீட்டிலேயே அணைத்து வைத்துவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து திறந்தால், அந்த இரண்டு நாளிலும் டேட்டா செலவாகியிருந்ததாகக் காட்டியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போய் அதே அதிகாரியிடம் போனை நீட்டினேன். அவர் வெகுநேரம் எதையெதையோ திறந்து பார்த்தார்.

"லைன் அறுந்துருக்கு மேடம். ஆனா அறுந்துச்சுன்னு ஸிஸ்டம் எடுத்துக்கல. நீங்க பேசிக்கிட்டே இருக்குறதா நெனச்சு ஓட்டியிருக்கு" என்றார் மெதுவாக. "இது தப்புத்தான். நான் மேல எழுதுறேன். ஆனா உடனே திருப்பிப் போட எனக்கு பவர் கிடையாதுங்க."

"எவ்ளோ நாளாகும்?"

அவர் என் கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தார். பிறகு, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கடைசி அழைப்பு ஒரு மத்தியான நேரத்தில். அன்றைக்கு வெயில் அடித்தது. காலையில்தான் புதிதாக ரீசார்ஜ் செய்திருந்தேன். அம்மாவின் தலைக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து உயர்த்தி உட்கார வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் திரை தெரியும்படி போனை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆச்சரியமாக அன்று படம் தெளிவாக வந்தது. தங்கை தலைவாரிப் பூ வைத்திருந்தாள். அவள் ஏதோ கேட்டாள். அம்மா லேசாகச் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தேன். பிறகு பதில் சொல்ல வலது கையை மெல்லத் தூக்கினாள். விரல்கள் ஐந்தையும் ஒன்றாகக் குவித்து நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்தாள்.

அம்மாவின் கை படத்துக்குள் விழுகிறதா என்று நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நொடியில் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு செய்தி வந்தது. உங்கள் டேட்டா தீர்ந்துவிட்டது. அதைத் தள்ளிவிட்டு நிமிர்வதற்குள் அம்மாவின் கை மடியில் விழுந்திருந்தது. அவள் சொல்லி முடித்துவிட்டாள்.

ரீசார்ஜ் கடைக்கு ஓடினேன். "ஸர்வர் டவுன் ஹை" என்றான் கடைக்காரன். அடுத்த கடையிலும் அதேதான். அங்கிருந்து ஜங்கிலிகாட் வரை ஆட்டோவில் போய், ஒருவழியாகப் போட்டுக்கொண்டு வந்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. சாயங்காலத்துக்குள் நினைவு தப்பிவிட்டது. மறுநாள் போய்விட்டாள்.

அம்மாவின் முகத்தைத் தங்கைக்குக் காட்ட அன்றும் படம் வரவில்லை. ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். அது போய்ச் சேர வெகு நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

புகாரை விடவில்லை. பைத்தியம் மாதிரி எழுதினேன். முதல் பதிலுக்கு மேல்முறையீடு, அதற்கு ஒரு பதில், அதற்கும் மேலே ஒன்று. கவுன்டரில் கூட இருந்தவர்கள், "அம்மாவே போயிட்டாங்க, இனிமே இது எதுக்கு?" என்றார்கள். யாராவது ஒருவர், நாங்கள் எண்ணியது தவறு என்று சொல்ல வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

பல மாதம் கழித்துச் சொன்னார்கள். அந்த அதிகாரியே போன் செய்தார். "மேடம், ஒங்க கேஸ ஒத்துக்கிட்டாங்க. அறுந்து போன நேரத்தையெல்லாம் கழிச்சு டேட்டா திருப்பிப் போட்டுட்டாங்க. பத்து நாளைக்கு வேலிடிட்டி" என்றார். குரலில் சந்தோஷமில்லை. நான் நன்றி சொன்னேன். அவரால் முடிந்ததைச் செய்தவர் அவர். கடைசி நாள் போட்ட பேக்கில் எவ்வளவு நியாயமாகப் போனது, எவ்வளவு அநியாயமாகப் போனது என்று கேட்டேன். "அதத் தனியா பிரிச்சுக் காட்ட மாட்டாங்க மேடம்" என்றார். அந்தப் பத்து நாளும் நான் நெட்டைத் திறக்கவில்லை. திரும்பி வந்தது அப்படியே காலாவதியானது.

தங்கைக்குப் பெண் குழந்தை. குழந்தை உட்காரத் தொடங்கியதும் கப்பலில் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா படுத்திருந்த கட்டிலில் குழந்தையைக் கிடத்திவிட்டு, முதல் காரியமாக என்னிடம் அதைத்தான் கேட்டாள். அன்றைக்கு அம்மா என்ன சொன்னாள்?

நான் பார்த்தவரை செய்து காட்டினேன். விரல்களைக் குவித்து நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். அதற்கு மேல் பார்க்கவில்லை என்றேன்.

தங்கை என் கையைப் பிடித்து, குவித்த விரல்களை அப்படியே மேலே தூக்கி என் வாயருகே கொண்டுபோனாள். சாப்பிட்டாயா. அன்று தான் கேட்டது அதுதான், அம்மா அதையே திருப்பிக் கேட்டிருப்பாள் என்றாள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். நெஞ்சிலிருந்து விரல்களை அவள் பக்கமாக விரித்துக் காட்டினேன். தங்கமே என்று அம்மா கொஞ்சுவது அப்படித்தான். அதுவும் குவித்த விரல்களில்தான் தொடங்கும். அம்மா சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்க அவ்வளவு மெல்லத் தூக்க மாட்டாள் என்றேன்.

இல்லை என்றாள் அவள். இருவரும் கொஞ்ச நேரம் கையாலேயே சண்டை போட்டோம். பிறகு அவள் அழுதாள், நானும் அழுதேன். குழந்தை எங்கள் கைகளையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். ஹேடோ துறையில் கப்பல் ஏறும்போதும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை.