தம்பியின் முழங்கை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். படப்பைப் பக்கம் பாறை நிலத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். செங்கல் சூளை போட்டேன். லாரி வாங்கினேன். எங்கள் தெருவின் முதல் மாடி வீடு என்னுடையது. இந்தக் கணக்கில் என் தம்பியின் வலது முழங்கையையும் சேர்ப்பேன்.

எழுபதுகளில் நடந்தது. கம்பெனியில் ஃபிட்டர் வேலை கிடைத்த வாரமே சைக்கிளோடு ஒரகடம் ரோட்டில் விழுந்தான். முழங்கை பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மணிமங்கலத்தில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போனேன். விரலால் மெல்லத் தடவிப் பார்த்தவர் கையை எடுத்துவிட்டார்.

"மூட்டுக்குள்ள ஒடஞ்சிக்கீதுபா. நான் கட்டமாட்டேன். மெட்ராசுக்கு இட்டுகினு போ."

அவ்வளவுதான் அவர் செய்தது.

சூளையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். எலும்பு நடுவில் உடைந்தால் கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தாலும் சமாளிக்கலாம், மூட்டுக்குள் மட்டம் தப்பினால் கை மடங்காது என்றார் டாக்டர். கீல் கோணினால் கதவு சாத்தாது, எனக்குப் புரிந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார்: "யாரும் புடிச்சு இழுக்கக் கூடாது, எண்ணெய் போட்டு உருவக் கூடாது. அவரே மடக்கணும், தினமும்."

கம்பெனி மூன்று மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருந்தது. கை மடங்காவிட்டால் வேலை போச்சு.

வீட்டிலோ அம்மா அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால் சாப்பிடுவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். கட்டு இருந்தவரை சரி. பிரித்த பிறகும் ஊட்டினால் கை எப்படி மடங்கும்? நிறுத்தினேன். தட்டை வைத்தால் குனிந்து வாயைத் தட்டுக்குக் கொண்டுபோனான். தூணோடு முதுகை ஒட்டி உட்காரவைத்தேன்.

"ண்ணா, நீயெல்லாம் மனுசனா?"

"அத வாயில சோத்த வெச்சிகினு கேளு."

"இன்னாடா கல்நெஞ்சு உனக்கு, புள்ள பட்டினியா கீறானே!" என்று அம்மா அழுதாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நாள் ஒன்றுக்கு ஒரு விரற்கடை ஏறியது அந்தக் கை. ஒருநாள் மத்தியானம் ரசம் சோறு வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. கெடு முடிவதற்குள் வேலையிலும் சேர்ந்தான்.

சில வருஷம் கழித்து அவன் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். முதல் பந்தி, முதல் இலையில் மணிமங்கலத்துக்காரர். அவருக்கு வேட்டி, துண்டு. "இவரு இல்லன்னா எனக்குக் கையே இல்ல" என்று ஊர் கேட்கச் சொல்கிறான். பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. கட்டுப் போடாததற்கு வேட்டியா? அவர் அன்று கட்டியிருந்தால் கை கெட்டிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்குத் துண்டு மட்டும் போதும்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையால் பாயசத்தை வழித்துக் குடித்தான் என் தம்பி. அந்தக் கை வாய்க்கு ஏறிய ஒவ்வொரு விரற்கடையும் என்னுடையது. எனக்கு வேட்டி வேண்டாம், நிறைய இருக்கிறது. அவன் பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறது. அந்தப் பந்தலில், அதே ஊர் கேட்க, "கைய மடக்க வெச்சது எங்க அண்ணன்" என்று அவன் சொல்லியாக வேண்டும்.