கடலிலிருந்து பார்த்த கரை

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். மாம்புரியில் மீன்பிடிக்காரரின் மனைவியாக வாழ்ந்தும், போன மாதம்வரை நான் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. பெண்கள் ஏறினால் மீன் படாது என்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த மூத்த மகன், சூரியன் மறைவதைக் காட்டும் படகில் என்னை ஆலங்குடாவில் ஏற்றினான். வழிகாட்டிப் பையன் மிதவை அங்கியை நீட்டினான்.

“கடற்காரன்ட பொஞ்சாதிக்கு இது என்னத்துக்குத் தம்பி?” என்று மடியில் வைத்துக்கொண்டேன்.

“அது கடலுக்குத் தெரியாதே அம்மம்மா,” என்றான்.

எல்லோரும் சூரியனைப் பார்க்க, நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மஞ்சள் வெயிலில், அங்கே நின்ற ஒருத்தியின் சிவப்புச் சேலை பளிச்சென்று தெரிந்தது. “தொழிலுக்குப் போகக்குள்ள கனதூரம் உன்ட சிவப்புச் சீலை தெரியும்,” என்று காலஞ்சென்ற என் கணவர் சொல்வார். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

என்னை மறந்து எழுந்து நின்றுவிட்டேன். அலை அடித்தது. கடலில் விழப்போன என்னை வழிகாட்டி இடுப்பில் பிடித்து இருத்தினான்.

“அப்பாட்டப் போக அவ்வளவு அவசரமா அம்மா?” என்று மகன் அழுதுகொண்டே ஏசினான்.

இனி அங்கி போடாமல் படகேற மாட்டேன். இளைய மகன் கடலுக்குப் போகும் மாலைகளில், அலுமாரியிலிருந்த என் பழைய சிவப்புச் சேலையை உடுத்திக் கரையில் நிற்கிறேன்.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். எங்க, ஒருக்கா வாசி பாப்பம் பிள்ளை. சீலையப் பத்தி அவர் சொன்னதை அப்படியே போட்டியா?