அண்ணாவின் லொறிக்கு உரிய வில்லுத்தகடு

அண்ணா பருத்தித்துறையில் பிறந்தவர். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நோர்வேக்கு வந்தார். நான் பிறந்தது ஒஸ்லோவில். அப்பா இல்லாமல் போன வீட்டில் என்னை வளர்த்தவர் அண்ணாதான். எனக்குப் படிப்பு ஓடவில்லை. பள்ளியை இடையில் விட்டபோது அவர் ஏசவில்லை, வேலைக்குத் தன் லொறியில் ஏற்றிக்கொண்டார். அந்த ஒரு லொறியில்தான் எங்கள் மூவரின் சாப்பாடும். எனக்கு எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

கிழமை நாட்களில் லொறி கடைகளுக்கு ஓடியது. சனி, ஞாயிறு எங்கள் ஆட்களான உங்களுக்கு ஓடியது. பியோர்ண்டாலில் இருந்து பெரிய வீட்டுக்கு மாறியவர்கள், மகளுக்குச் சாமத்தியவீடு செய்தவர்கள், திருவிழாவுக்குப் பந்தல் கம்பி கொண்டுபோனவர்கள், எல்லோரும் கேட்டீர்கள். அண்ணாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. "இன்னும் ஒண்டு பிடிக்கும், தள்ளு தள்ளு" என்று ஏற்றினீர்கள்.

ஒருநாள் பாரம் தாங்கும் பின்பக்க வில்லுத்தகடு முறிந்தது. லொறி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. "பழசு, வித்துத் துலை" என்று சிரித்தவர்களும் நீங்கள்தான். வில்லு மாற்றாமல் ரோட்டில் இறக்கக் கூடாது என்று வாகனச் சோதனையில் சொல்லிவிட்டார்கள்.

லொறியின் பதிவு இலக்கத்தைக் கொடுத்ததும் கடைக்காரர் இரண்டு வில்லுகளைக் காட்டினார். நீளமும் அகலமும் ஒன்றுதான். ஒன்றில் தகடுகள் கூடுதல். எங்கள் முறிந்த வில்லின் தகடுகளை எண்ணிப் பார்த்தும் பயனில்லை, லொறியை முதல் வைத்திருந்தவர் தன்பாட்டில் ஒரு தகடு சேர்த்திருந்தார். அதன் வளைவையும் நம்ப முடியாது, பாரத்தில் நிமிர்ந்து போயிருந்தது. கடைசியில் கடைக்காரர் கேட்டார்: "வழக்கமாக எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள்?"

அண்ணா என்னைப் பார்த்தார். "என்னடி சொல்லுறது?"

"தடிச்சதைப் போடுவம் அண்ணா. திரும்ப முறியாது."

"விசரி! தடிச்சதைப் போட்டால் இவங்கள் இன்னும் ரெண்டு அலுமாரி ஏத்துவாங்கள்."

"அப்ப இல்லையெண்டு சொல்லுங்கோவன்."

"வாய் வருதில்லையே. இனி வில்லைக் காட்டிச் சொல்லுவம்."

லொறிக்கு உரிய பாரத்துக்குச் செய்த வில்லையே, இரண்டு பக்கத்துக்கும் சோடியாக, ஓடர் கொடுத்தார்.

அது வருமுன் அவர் போய்விட்டார். காலையில் சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. இருதயம் என்றார் டொக்டர். உங்கள் அலுமாரிகள் என்று நான் சொல்லவில்லை. நினைக்கிறேன்.

அண்ணாவின் எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவன்று வில்லு வந்தது. சோற்றைப் பிசைந்தபடி மாமா ஒருவர் கேட்டார்: "பிள்ளை, வில்லு வந்திட்டுதாம். அப்ப முப்பத்தொண்டாம் நாள் காரியத்துக்கு மண்டபத்துக்குக் கதிரையெல்லாம் எங்கடை லொறியிலையே கொண்டரலாம், என்ன?"

எங்கடை லொறி.

"கொண்டரலாம் மாமா. ஒரு நடை. லொறி தாங்கிற அளவுக்குத்தான்."

"ஒரு நடையிலை எல்லாம் பிடிக்காதே, பிள்ளை."

"ஓம் மாமா. பிடிக்காது."

பேர்கனில் இருந்தும் துரொண்ட்ஹெய்மில் இருந்தும் வந்து அழுதவர்களுக்கும், அம்மாவுக்கு அருகில் படுத்திருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கூலி வாங்காமல் வில்லு மாற்றித் தந்த அண்ணாவின் சிநேகிதருக்கும் நன்றி. லொறியை இனி நான் ஓட்டுகிறேன். இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது கதிரைகள் மண்டபத்தில் இருக்கும். அளவாகத்தான் ஏற்றுவேன். கதிரை கிடைக்காதவர்கள் இன்று ஒருநாள் அண்ணாவுக்காக நில்லுங்கள்.

தங்கச்சி